ஸ்தாரயா லடோகா: ரஷ்யாவின் முதல் தலைநகரா, ஆற்றங்கரைச் சந்தையா?

வடதிசை:
ரஷ்யாவின் வடமேற்கில், லெனின்கிராத் மாகாணத்தில், வோல்கவ் ஆற்றின் இடக்கரையில் ஸ்தாரயா லடோகா என்றொரு சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ 2000 பேர் வாழும் இவ்வூரில் லடோஷ்கா என்னும் சிற்றாறு வோல்கவில் கலக்கிறது; கலக்கும் அந்த முனையில்தான் கற்கோட்டை நிற்கிறது. இவ்வூரே ரஷ்யாவின் முதல் தலைநகர் என்பது என் உறுதியான கருத்து. பண்டைய ரஷ்ய வரலாற்றைக் கூறும் பழைய நூலான முதன்மை வரலாற்றேட்டின் இபாத்தியப் பிரதி, கி.பி. 862இல் கடல் கடந்து வந்த இளவரசன் ரூரிக், ரஷ்ய அரசமரபின் முதல்வன், முதலில் லடோகாவில்தான் (இவ்வூரின் அன்றைய பெயர்) அமர்ந்தான் என்றும், பிறகே தெற்கே சென்று நோவ்கோரோத்தை எழுப்பினான் என்றும் கூறுகிறது. ஆனால் பொதுவாக எழுதப்படும் வரலாறுகளில் நோவ்கோரோத்தும் கீவும் பெறும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவ்வூருக்குக் கிடைப்பதில்லை. நோவ்கோரோத் நகருக்குள் தோண்டியபோது கிடைத்த மண்ணடுக்குகள் 930களுக்கு முன் செல்லவில்லை. லடோகாவில் கிடைத்த மரத்துண்டுகளின் வளையங்களோ 753ஆம் ஆண்டைக் காட்டுகின்றன. 1704இல் முதலாம் பீட்டர் ஆற்றின் முகத்துவாரத்தில் நோவயா லடோகா, அதாவது புதிய லடோகா, என்ற நகரை நிறுவி, மக்களை அங்கே பெயர்த்தான். அன்றுமுதல் மூத்த ஊர் நகரத் தகுதியை இழந்து, 'ஸ்தாரயா', அதாவது 'பழைய', என்ற அடைமொழியுடன் கிராமமாயிற்று. ஓர் அரசனின் ஆணை ஓர் ஊரின் ஆயிரம் ஆண்டுப் பெருமையைத் துடைத்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

ஆற்றுமணல்:
வடதிசை அவர்களுக்கு இவ்வூரின்மேல் உள்ள பற்றை மதிக்கிறேன். ஆனால் தாங்கள் ஒரு பிரதியை மட்டும் எடுத்துக் காட்டியுள்ளீர்கள். அதே ஏட்டின், காலத்தால் மூத்த லாவ்ரெந்தியப் பிரதியில், ரூரிக் எங்கே அமர்ந்தான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயரே இல்லை. நோவ்கோரோத் முதல் வரலாற்றேடு நோவ்கோரோத் என்றே சொல்கிறது. நகருக்குள் மண்ணடுக்கு 930களில் தொடங்குகிறது என்பது உண்மை. எனினும் அங்கிருந்து 2 கிலோமீட்டர் தெற்கே உள்ள ரூரிக் மேடு என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதுவது நியாயமாகாது.

என் முதன்மையான மறுப்பு வேறு. 'தலைநகர்' என்ற சொல்லே இவ்வூரைச் சிறுமைப்படுத்துகிறது. நிலப்படத்தைப் பாருங்கள். பால்டிக் கடலிலிருந்து நேவா வழியாக லடோகா ஏரிக்குள் நுழைந்து, அங்கிருந்து வோல்கவில் ஏறி வருகிற கடற்கலம் இந்த ஊர்வரை தடையின்றி வரும். இதற்கு மேல், இல்மென் ஏரியை நோக்கிச் செல்லும் வழியில், பாறைகள் நிறைந்து நீர் சுழித்தோடும் பகுதி இருந்தது. ஆகவே சரக்கை இங்கே இறக்கி, ஆற்றுக்கு ஏற்ற சிறு படகுகளில் மாற்றியாக வேண்டும். படகு பழுதுபார்க்கக் கொல்லன் வேண்டும், வழிகாட்ட உள்ளூர் ஓடக்காரன் வேண்டும், குளிர்காலம் கழியும்வரை தங்க வீடு வேண்டும். இந்தத் தேவைகளிலிருந்துதான் ஊர் பிறந்தது. ரூரிக் வந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு நூறு ஆண்டு முன்பே இங்கே உலைக்களம் எரிந்துகொண்டிருந்தது. ஊரின் பெருமையை ஓர் இளவரசனின் வருகையோடு முடிச்சுப்போட்டால், அந்தக் கொல்லர்களை எங்கே வைப்பது?

வடதிசை:
கொல்லர்களை நான் மறக்கவில்லை. ஆனால் ஏடுகளைப் பற்றிய தங்கள் வாதத்தை ஏற்க இயலவில்லை. பிற்காலத்தில் ஏடு படியெடுத்தவர்களுக்கு நோவ்கோரோத் பெரும் நகரம், லடோகா ஓர் எல்லைக் கோட்டை. அப்படியிருக்க, பெரிய ஊரின் பெயரை நீக்கிவிட்டுச் சிறிய ஊரின் பெயரை எழுத எவருக்கு என்ன தேவை இருந்தது? சிறிய ஊரின் பெயரே பழைய பாடம் என்று கொள்வதுதான் பொருத்தம். மேலும், தாங்கள் சான்று காட்டிய நோவ்கோரோத் ஏடே, ரூரிக்குக்குப் பின் ஆண்ட ஓலெக் லடோகாவுக்குச் சென்றான், அவன் கல்லறை லடோகாவில் உள்ளது என்று கூறுகிறது. கீவில் புதைக்கப்பட்டான் என்று முதன்மை வரலாற்றேடு சொல்வதையும் அறிவேன். ஆயினும் வோல்கவின் கரையில் உயர்ந்து நிற்கும் பெரிய ஈமமேட்டை ஊரார் இன்றும் ஓலெக்கின் கல்லறை என்றே அழைக்கிறார்கள்.

தொல்மண்:
இருவரும் அனுமதித்தால், இந்த வழக்கின் நடுவில் இருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்: கண்ணாடி மணி.

இபாத்தியப் பிரதியில் 1114ஆம் ஆண்டுக்குரிய பகுதியில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, லடோகாவின் ஆட்சியாளர் பாவெல் அவ்வூருக்குக் கற்கோட்டை எடுத்தது. மற்றொன்று, ஏட்டாசிரியரே லடோகாவுக்குச் சென்றபோது ஊரார் அவரிடம் சொன்னது: பெருமேகம் திரண்டு வந்தால் எங்கள் பிள்ளைகள் துளையிட்ட கண்ணாடி மணிகளைக் கண்டெடுக்கிறார்கள், சிறியதும் பெரியதுமாக, வேறு சிலர் வோல்கவின் கரையில், நீர் அரித்து வெளிக்கொணரும் மணிகளைப் பொறுக்குகிறார்கள். ஏட்டாசிரியர் அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தாமே எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார். வானத்திலிருந்து விழுந்தவை என்று அவர் நம்பினார். உண்மையில், அவர் நின்ற காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தோல் வணிகத்தில் கைமாறிய மணிகளைத்தான் மழையும் ஆறும் மண்ணடுக்கிலிருந்து கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தன. லடோகாவின் முதல் அகழாய்வுக் குறிப்பு என்று நான் மனத்துக்குள் கருதுவது இதைத்தான்.

தொல்லியலாளர்களான மூவர், 1909 முதல் 1913 வரை ரெப்னிகோவும், 1938இல் தொடங்கி ராவ்தோனிகாஸும், 1972 முதல் கிர்பிச்னிகோவும் கோட்டைக்குத் தெற்கே உள்ள மண்கோட்டைப் பகுதியில் தோண்டியபோது அதே மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றோடு அரபு வெள்ளி நாணயங்கள், ரூனிக் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்து பொறித்த ஒரு மரக்குச்சி, கம்மியர் கருவித் தொகுதி ஒன்று, ஓடின் என்னும் ஸ்காந்தினேவியத் தெய்வம் என்று பலர் கருதும் சிறு வெண்கலத் தலை ஆகியவையும் வெளிவந்தன. ஈரமண் மரத்தை மட்கவிடாமல் காத்ததால்தான் 753 என்ற ஆண்டே நமக்குத் தெரிகிறது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். வடதிசை அவர்களே, 862இல் லடோகா என்று எழுதிய இபாத்தியப் பாடமும், 1114இல் மணி பொறுக்கிய குறிப்பும் ஒரே பிரதியில் இருக்கின்றன. ஊரார் சொன்ன மணிக்கதையைக் கேட்டு எழுதியவர், "ரூரிக் முதலில் எங்கள் ஊருக்குத்தான் வந்தான்" என்று அவர்கள் சொன்னதையும் கேட்டு எழுதியிருக்கக்கூடும் அல்லவா? சிறிய ஊரின் பெயரை எழுத எவருக்குத் தேவை என்று கேட்டீர்கள். அந்த ஊராருக்கே தேவை இருந்தது.

ஆற்றுமணல்:
தொல்மண் அவர்களுக்கு மிக்க நன்றி. அரசாணைதான் ஊரை அழித்தது என்ற கூற்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும். கிழக்கிலிருந்து வந்த அரபு வெள்ளியின் ஓட்டம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வற்றிவிட்டது. வணிகத்தின் மையம் நோவ்கோரோத்துக்குப் போய்விட்டது. 1019இல் கீவ் இளவரசன் யாரோஸ்லாவ் சுவீடன் அரசன் மகள் இங்கெகெர்தை மணந்தபோது இவ்வூர் மணமகளுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்டது. ஆட்சியின் நடுவிடத்தை எவரும் அப்படிக் கொடுப்பதில்லை. 1617இல் பக்கத்துக் கிராமமான ஸ்தொல்போவோவில் கையெழுத்தான உடன்படிக்கையால் நேவாக் கரை முழுவதும் சுவீடனிடம் போக, லடோகா கடலுக்கு வழியற்ற எல்லைக் காவல் ஊராயிற்று. பீட்டர் நேவாவை மீட்டபின், புதிய தலைநகரான பீட்டர்ஸ்பர்க்குக்குச் சரக்கு சேர்க்க முகத்துவாரத் துறை தேவைப்பட்டது. 1719இல் தொடங்கி 1731இல் முடிந்த, 117 கிலோமீட்டர் நீளமுள்ள லடோகாக் கால்வாயும் அந்தப் புதிய ஊரிலிருந்தே புறப்பட்டது. எந்த ஆற்றுவழி பழைய ஊரைப் பிறப்பித்ததோ அதே ஆற்றுவழிதான் அதைக் கைவிட்டது. ஊரைப் பிறப்பித்த பாறைப் பகுதியும் 1926இல் வோல்கவ் நீர்மின் நிலைய அணை எழுந்தபோது நீருக்குள் மறைந்தது.

வடதிசை:
வணிகம் விலகியது ஒன்று, மக்களையும் தகுதியையும் ஆணையிட்டுப் பறிப்பது வேறொன்று. முதலாவது ஊரை மெலியச் செய்யும். இரண்டாவது அதைக் கிராமமாக்கும். அதே பீட்டர், 1718இல் தன் முதல் மனைவி எவ்தோக்கியா லொபுகினாவைச் சிறைவைக்க இவ்வூரின் மடத்தைத்தான் தேர்ந்தான். அவ்வம்மையார் 1725வரை அங்கே அடைபட்டிருந்தார். தான் ஒதுக்கிய ஊரிலேயே தான் ஒதுக்கிய மனைவியையும் கொண்டுவந்து வைத்தான் என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

'தலைநகர்' என்ற சொல்லை விட்டுக்கொடுக்க இப்போது தயங்கமாட்டேன். 'முதல் அரசிருக்கை' என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் தொல்மண் அவர்களின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. முதன்மை வரலாற்றேட்டின் இன்னொரு பிரதியான ராட்ஜிவில் பிரதியும் 862இல் லடோகா என்றே கூறுகிறது. அது லாவ்ரெந்தியப் பிரதியின் கிளையைச் சேர்ந்தது. மணிக்கதை அதில் இல்லை. மணி பொறுக்கியவரின் கை படாத கிளையில் அந்தப் பெயர் எப்படி வந்தது?

தொல்மண்:
சரியான கேள்வி. இதை நான் எழுதும்போதே கருதியிருக்க வேண்டும். அந்தக் கிளையின் மூலத்திலேயே லடோகா இருந்து, லாவ்ரெந்தியப் பிரதியில் அது விடுபட்டிருந்தால் தங்கள் பக்கமே வலுப்பெறும். பிற்காலத்தில் இபாத்தியக் கிளையைப் பார்த்து ஒருவர் சேர்த்திருந்தால் என் பக்கம் நிற்கும். மண்ணைக் கேட்டால் அது ரூரிக்கின் பெயரைச் சொல்லாது. ஆற்றின் வலக்கரையில், கோட்டைக்கு எதிரே, பிளாக்குன் என்ற இடத்தில் ஸ்காந்தினேவியர் புதைகுழிகள் உள்ளன என்பதுவரைதான் அது சொல்லும்.

ஆற்றுமணல்:
'அரசிருக்கை' என்ற சொல்லுக்கு எனக்கு மறுப்பில்லை, 862 என்ற ஆண்டை அதன்மேல் ஏற்றாதவரை. 12ஆம் நூற்றாண்டில், வணிகம் நோவ்கோரோத்துக்குப் போய்விட்ட பிறகு, கோட்டைக்குள் எழுந்த புனித ஜார்ஜ் கோவிலை இருவரும் படத்திலாவது பாருங்கள். வழக்கமாக ஜார்ஜின் ஈட்டியால் குத்துண்டு சாகும் பறவைநாகம் அதன் சுவரோவியத்தில் சாகவில்லை. இளவரசி தன் இடைக்கச்சால் அதன் கழுத்தைக் கட்டி நடத்திச் செல்கிறாள். என் வாதப்படி ஊர் அப்போதே தளர்ந்திருக்க வேண்டும். தளர்ந்த ஊர் இப்படியொரு கோவிலை எப்படி எடுத்தது என்பதற்கு நான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.