புதுப்பிப்பு: ஞாயிற்றுக்கிழமைச் சமையல் திட்டம், ஆறு வாரங்களுக்குப் பிறகு

முன்கதை: இருவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள், மாலையில் சமைக்க அரை மணி நேரம்தான். வாரம் முழுவதற்கும் ஞாயிறன்றே சமைத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தேன்.

அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். சமைத்த உணவு குளிர்சாதனப் பெட்டியில் 3, 4 நாட்கள்தான் தாங்கும். வெள்ளிக்கிழமைக்கென வைத்ததைக் கொட்டியபோது மனம் வலித்தது.

இப்போது முழு உணவாகச் சமைப்பதில்லை. சனி இரவு பயறு வகைகளை ஊறவைத்து, ஞாயிறன்று குக்கரில் மொத்தமாக வேகவைக்கிறேன். ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து, பைகளில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் அடுக்குகிறேன். தட்டையாக இருப்பதால் விரைவில் உருகிவிடும். ஒருநாள் காய்கறியோடு சூப், மறுநாள் வெங்காயம் வதக்கி முட்டையோடு. இருபது நிமிடத்தில் சாப்பாடு தயார்! இறைச்சி வாங்குவது குறைந்ததால் செலவும் இறங்கியிருக்கிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெந்ததைப் பெரிய பாத்திரத்திலேயே ஆறவிடாதீர்கள், நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருக்கும். அகலமான தட்டுகளில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். அடுத்தது சிவப்பு ராஜ்மா. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டில் அதிலுள்ள நச்சு அழியாது. மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் அதை நேரடியாகப் போடவே கூடாது.

காய் நறுக்கும் வேலையை மூத்தவள் தானாகவே எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி!