அப்பாவின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் சரிவருமா?

கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு வணக்கம். மஞ்சக்குப்பத்தில் அப்பா வைத்திருக்கும் லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட மனமில்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன், வைஃபை உடனே வந்தது. அப்பாவுக்குத் தேவை பேங்க் வேலை, யூடியூப், அப்புறம் ஓய்வூதியர் சங்கக் கடிதங்கள். கடிதங்கள்தான் என் கவலை. எல்லாமே பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்புகள். பாமினியை மின்ட்டில் ஏற்றினால் வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபிஸில் சிதையாமல் திறக்குமா? இல்லை, எந்தக் கணினியிலும் தெரிகிற பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு இப்போதே மாற்றிவிடுவது நல்லதா? பழகிய தட்டச்சு முறையை அவர் விடமாட்டார்.

மின்ட் பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அப்பாவை நேரிலேயே அழைத்து வருகிறேன்.