மேல்தளத்தில் மக்கிய பிளைவுட்: எவ்வளவு வெட்டுவது?

கேட்டவர்: பழைய பாய்மரப் படகு, 9 மி.மீ. பிளைவுட் தளம். பாய்மரத்தடியில் ஸ்க்ரூடிரைவர் குத்தினா உள்ளே போகுது. எபாக்சி (இரண்டு திரவம் கலந்தா இறுகுற பசை) ஊற்றி இறுக்கிடலாமா?

உளி: ஊற்றாதீங்க. ஈரமான மக்கலில் எபாக்சி மேலாகத்தான் பிடிக்கும், அடியில் பூஞ்சை தொடரும். நல்ல மரம் வந்த பிறகும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்க. வெட்டின ஓரத்தையும் அங்கே ஒட்டப்போற புதுத் துண்டின் ஓரத்தையும் 1:8 சரிவில் இழைங்க, அதாவது 9 மி.மீ. தடிமனுக்கு 72 மி.மீ. நீளச் சரிவு. ஒட்டும்போது முதலில் வெறும் எபாக்சி, மரம் குடிக்கட்டும். அப்புறம் சிலிக்கா கலந்த கெட்டிக் கலவை. கிளாம்பை ரொம்ப முறுக்கினா பசை பிதுங்கிடும், இணைப்பில் ஒன்னும் மிஞ்சாது.

சுக்கான்: பாய்மரத்தை இறக்காம தளத்தில் கைவைக்காதீங்க! மரத்தை மக்க வைக்கிறது பெரும்பாலும் மழைத்தண்ணிதான், உப்புத்தண்ணி இல்ல. அது உள்ளே இறங்காம இருக்க, போல்ட் ஓட்டைகளைப் பெரிசாத் துளைச்சு, எபாக்சி நிரப்பி, காய்ஞ்சதும் மறுபடி துளைங்க.

கேட்டவர்: ஈரமானி மரத்தில் 18% ஈரம் காட்டுது.

உளி: 12%க்கு இறங்கட்டும், அப்புறம் ஒட்டுங்க.