கையேட்டில் 'பேருந்து உண்டு' என்று இருக்கிறது, எங்கள் குடியிருப்புக்கோ பேருந்து இல்லை: எந்த எண்ணிக்கையைக் காட்டி மனு எழுதுவது?

கேள்வி:
எங்கள் வருவாய்க் கிராமத்தில் தாய்க்கிராமமும் அதைச் சுற்றி நான்கு குடியிருப்புகளும் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு எங்கள் கிராமத்துக்குப் பொதுப் பேருந்து வசதி உண்டு என்கிறது. ஆனால் பேருந்து வருவது தாய்க்கிராமத்து விலக்குவரைதான். கடைசிக் குடியிருப்பான எங்கள் ஊரிலிருந்து அங்கே செல்ல மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் பேருந்தின் கடைசி நடை போய்விடுவதால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர விரும்புகிறோம். 'உங்கள் ஊருக்குத்தான் பேருந்து இருக்கிறதே' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

பதில் (ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர்):
அந்தக் கையேட்டின் அலகு வருவாய்க் கிராமம் என்பதால், அதன் எல்லைக்குள் ஓரிடத்துக்குப் பேருந்து வந்தாலே 'உண்டு' என்று பதிவாகிவிடும். எத்தனை நடை, எந்த நேரம், எந்தக் குடியிருப்பு என்பதற்கு அதில் இடமில்லை. வசதி இல்லாத கிராமங்களுக்கு மட்டுமே, மிக அருகில் அது கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10 வரையா, அதற்கும் மேலா என்று குறிப்பார்கள். எனவே அந்தப் பதிவு தவறென்று வாதாடுவதில் பயனில்லை. அது உங்கள் குடியிருப்பைப் பற்றிய பதிவே அல்ல என்று எழுதுங்கள்.

சாலைக்கான கணக்கு வேறு. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் குடியிருப்பையே அலகாகக் கொள்கிறது. 2024இல் ஒப்புதல் பெற்ற அதன் நான்காம் கட்டம், 2011 கணக்கெடுப்பின்படி சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலை மாநிலங்கள், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் போன்றவற்றில் 250 பேருக்கு மேலும் வாழும், சாலை இணைப்பற்ற குடியிருப்புகளுக்கானது. சமவெளியில் 500 மீட்டருக்குள் அமைந்த குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்துக் கணக்கிடலாம். உங்களுடையது மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், தாய்க்கிராமத்தின் ஆயிரக்கணக்கான தலைகள் உங்கள் கணக்கில் வாரா. உங்கள் குடியிருப்பின் எண்ணிக்கையைத் தனியே காட்டுவதே முதல் வேலை.

பதில் (போக்குவரத்துக் கழகத்தில் பணியாற்றியவர்):
சாலை வந்துவிட்டால் பேருந்தும் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தகைய சாலைகளில் வண்டி ஓடும் பகுதியின் அகலம் பொதுவாக 3.75 மீட்டர், போக்குவரத்து குறைந்த இடங்களில் 3 மீட்டராகவும் சுருங்கும். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பெரிய பேருந்து மண்ணில் இறங்கியாக வேண்டும், மழைக்காலத்தில் எந்த ஓட்டுநரும் அதற்குத் துணியமாட்டார். கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; கோயில் முன்போ பள்ளி அருகிலோ உள்ள பொது இடத்தைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது. போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் மனு கொடுக்கும்போது எந்த நடையை நீட்ட வேண்டும் என்று நேரத்தோடு கேளுங்கள். 'பேருந்து வசதி வேண்டும்' என்ற பொதுவான மனு கோப்பிலேயே தங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. எங்கள் சாலை தார்ச் சாலைதான், ஆனால் குறுகலானது. மினி பஸ் கேட்கலாமா?

பதில் (அதே போக்குவரத்துப் பணியாளர்):
தாராளமாகக் கேளுங்கள். 2025 ஜூனில் தொடங்கிய தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டம், பேருந்து வசதி இல்லாத பகுதிகளை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது; வழித்தடம் 25 கிலோமீட்டர்வரை இருக்கலாம். மாவட்ட ஆட்சியருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் தீர்மான நகலுடன் விண்ணப்பியுங்கள். ஒன்றை மட்டும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மினி பஸ் தனியாருடையது என்பதால் அதில் கட்டணம் உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் அன்றாடம் போகும் பெண்களுக்கு அந்த வேறுபாடு பெரிது. ஆகவே நகரப் பேருந்தின் காலை, மாலை நடைகளை நீட்டுவதை முதல் கோரிக்கையாகவும் மினி பஸ்ஸை அடுத்ததாகவும் எழுதுங்கள்.