புதுப்பிப்பு: மட்டுக் கோடுகள் இப்போது தாமாகவே நீள்கின்றன

நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணித மாணவர்களுக்கு லாடெக்கில் (கணிதக் குறியீடுகளை அழகாக அச்சுக்கு அமைக்கும் மென்பொருள்) குறிப்பு தட்டும்போது, பின்னத்தைச் சுற்றிய மட்டுக் கோடுகள் (ஓர் எண்ணின் குறியில்லா மதிப்பைக் காட்ட இருபுறமும் போடும் செங்குத்துக் கோடுகள்) குட்டையாகவே நிற்கின்றன, ஒவ்வொரு இடத்திலும் உயரத்தைச் சரிசெய்யும் லெஃப்ட், ரைட் கட்டளைகளைப் போட்டு அலுத்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். சரி, வழி கிடைத்துவிட்டது.

மேத்டூல்ஸ் என்ற லாடெக் துணைத் தொகுப்பை ஏற்றி, 'டிக்ளேர்பேர்ட்டிலிமிட்டர்' மூலம் 'ஏபிஎஸ்' என்றொரு கட்டளையை ஆவணத்தின் தலைப்பகுதியில் ஒருமுறை வரையறுத்தால் போதும். வெறுமனே எழுதினால் சாதாரண உயரம். கூடவே நட்சத்திரக் குறி போட்டால் உள்ளே இருப்பதற்கேற்ப நீளும். ஆனால் மேலும் கீழும் எல்லை போட்ட கூட்டற்குறிக்கு நட்சத்திரம் வேண்டாம். எல்லைகளையும் சேர்த்து அளந்து கோடு அசிங்கமாக நீண்டுவிடும். அங்கே சதுர அடைப்புக்குள் 'பிக்' வகை அளவுக் கட்டளைகளில் ஒன்றைக் கொடுத்து நாமே அளவு சொல்வதுதான் அழகு.

அப்புறம், நார்முக்கு (வெக்டரின் நீளத்தைக் காட்டும் குறி) என்ன செய்வது என்று கேட்ட மார்த்தாண்டம் தம்பிக்கு: அதே வரிதான், கட்டளைக்கு வேறு பெயர், கோடு இரட்டை, அவ்வளவுதான்.