மறு: எம்போலைசேஷன் – ‘தக்கையடைப்பு’ போதுமா?

அன்புள்ள ஐயா,

கருப்பையில் வளரும் நார்க்கட்டிக்கு (ஃபைப்ராய்டு) குருதி போகாதபடி, அதற்குக் குருதி கொண்டுவரும் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை எம்போலைசேஷன். அதற்குத் தமிழில் ‘கருப்பைத் தமனித் தக்கையடைப்பு’ என்ற தங்கள் பரிந்துரையில் எனக்கொரு சங்கடம். போன மாதம் என் அண்ணி கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் இதே சொல்தான் இருந்தது. படித்துவிட்டு, “எனக்கு ஏற்கனவே அடைப்பு வேறு இருக்கிறதா?” என்று கேட்டார். நெஞ்சில் அடைப்பு, மூளையில் அடைப்பு என்றே கேட்டுப் பழகிய காது. குருதிக்கட்டி போன்ற ஏதாவது ஓடிப்போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும் எம்போலிசம் என்ற நோயின் பெயராகவே தக்கையடைப்பு இருக்கட்டும். இங்கே மருத்துவர் வேண்டுமென்றே செய்கிற வேலைக்கல்லவா பெயர் தேடுகிறோம்?

நேற்று நண்பர் ஒருவர் ‘மடையடைப்பு’ என்றார். நீர் நின்றால் பயிர் காயும், குருதி நின்றால் கட்டி சுருங்கும் என்பது அவர் வாதம். சொல் அழகுதான், ஆனால் செய்முறை வேறு. தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைத்த குழாய் கருப்பைத் தமனிக்குள் போய் நிற்கிறது. அதன் வழியே விடும் துகள்கள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், சன்ன ரவை அளவு. அவற்றைக் குருதியோட்டமே இழுத்துப்போய்க் கட்டியைச் சுற்றியுள்ள கிளைகளில் சேர்க்கிறது. இடம், வலம் இரண்டு தமனியிலும் இப்படிச் செய்ய வேண்டும். பலகை வைத்து மறிக்கிற வேலையா இது? வண்டல் சேர்ந்து வாய்க்கால் தூர்ந்துபோவது போன்றது.

ஆகவே என் பரிந்துரை: தூர்ப்பு. தூர்தல் தானே நிகழ்வது, தூர்த்தல் நாம் செய்வது. அந்த வேறுபாடு சொல்லிலேயே இருக்கிறது. ‘தூர் வாருதல்’ மட்டுமே தெரிந்தவர்கள் இதைச் சுத்தம் செய்வதாக நினைக்கலாம். கிணற்றைத் தூர்த்ததைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. நீண்ட பெயர் வாயில் தேயும். ‘கருப்பைத் தூர்ப்பு’ என்று ஆகிவிட்டால் கருப்பையையே மூடிவிடுவதாகப் பெண்கள் அஞ்சுவார்கள். நடப்பதோ நேர்மாறு. கருப்பைக்குப் பக்கவழிகளிலும் குருதி வருவதால் அது பிழைத்துக்கொள்கிறது, கட்டிதான் பட்டினி கிடக்கிறது. பாரிஸில் பெண்நோய் மருத்துவர் ஷாக் ரவினா குழுவினர் முதலில் அறுவையின்போது குருதியிழப்பைக் குறைக்கவே இதைச் செய்தார்கள். தொல்லை தணிந்து பலருக்கு அறுவையே தேவைப்படாமல் போனதை 1995இல் எழுதினார்கள். கருப்பையை எடுக்காமல் தப்பிக்கிற வழிக்கு, அதை எடுப்பதைவிடப் பயங்கரமான பெயர் வைக்கலாமா? ஆங்கிலத்திலும் கருப்பைத் தமனியை முன்னிறுத்திய பெயரோடு கட்டியை முன்னிறுத்தும் பெயரும் பின்னர் வந்து சேர்ந்தது. நாமும் ‘நார்க்கட்டித் தமனித் தூர்ப்பு’ என்போம். தேய்ந்து ‘கட்டித் தூர்ப்பு’ ஆனாலும் கேடில்லை.

(அது நார்க்கட்டி அல்ல, தசையிலிருந்து வளரும் தசைக்கட்டி என்று யாராவது தொடங்குவீர்கள். உண்மைதான், தனி இழையில் சண்டை போடுவோம். தமனியை ‘நாடி’ என்று படித்த யாழ்ப்பாணத்து நண்பர்கள் நாடி என்றே எழுதட்டும். இங்கே நாடி என்றால் கைபிடித்துப் பார்ப்பதாகிவிடும்.)

நேற்றிரவு அண்ணியிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். “கிணற்றைத் தூர்ப்பது போலவா?” என்றார். ஆமாம் என்றேன். “மண்ணுக்குப் பதில் எதைப் போடுவார்கள்?” என்று கேட்டார்.