குழிந்த பரப்பின் எல்லைப்படலச் சுழல்கள்: 'புரிச்சுழல்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

குழிந்த பரப்பின்மேல் விரைந்தோடும் காற்றின் எல்லைப்படலத்தில் (பரப்பை ஒட்டி, உராய்வால் வேகம் குறைந்த மெல்லிய காற்றடுக்கில்), ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு, அடுத்தடுத்து எதிரெதிராகச் சுழலும் சுழல்களுக்கு (Görtler vortices) 'நீள்சுழல்', 'சுருள்' என்னும் தமிழ்ச் சொற்கள் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை; 'புரிச்சுழல்' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

1940-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் கோர்ட்லர் கணித வழியில் காட்டிய இந்நிகழ்வில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி விரைந்து செல்லும் காற்று, மையவிலக்கு விளைவால் சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. சுவரருகே உராய்வால் வேகம் இழந்த காற்று அதற்கு இடம்விட்டு மேலெழுகிறது. இறக்கமும் ஏற்றமும் மாறி மாறி அமைவதால் சுழல்கள் இணை இணையாகப் பிறக்கின்றன. குவிந்த பரப்பில் இவை தோன்றுவதில்லை.

'சுருள்' என்றால் ஓரிடத்தில் சுருண்டு கிடப்பது மனத்தில் தோன்றும். 'நீள்சுழல்' நீளத்தைச் சொல்கிறது, முறுக்கைச் சொல்லவில்லை. காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகளைக் கட்டியிருக்கும் முறுக்குக் கயிற்றைப் பாருங்கள்: ஒவ்வொரு புரியும் கயிற்றின் நீளத்தோடு ஓடிக்கொண்டே முறுகிச் செல்கிறது. இச்சுழலில் அகப்பட்ட காற்றும் அவ்வாறே முன்னேறிக்கொண்டே சுற்றுகிறது. கயிற்றில் எல்லாப் புரிகளும் ஒரே பக்கம் முறுகும், இங்கே மாறி மாறிச் சுழலும் என்ற வேறுபாடு உண்டு. அதைச் சொல்லத்தான் வலம்புரி, இடம்புரி என்ற சொற்கள் நம்மிடம் முன்பே இருக்கின்றனவே!

ஓட்டத்தில் சிறு குலைவும் பெருகிவிடும் இயல்புக்கு (instability) 'நிலையாமை' வேண்டாம், யாக்கை நிலையாமையும் செல்வ நிலையாமையும்தான் நினைவுக்கு வரும். 'நிலைப்பின்மை' பொருந்தும். அதன் வளர்ச்சியை அடக்குவதற்குக் 'கட்டுப்பாடு' என்பதைவிடத் 'தணிப்பு' சரியானது. ஒலியினும் விரைந்த காற்றோட்டச் சோதனைக்கான காற்றுச் சுரங்கத்தில் (wind tunnel), காற்றை விரைவுபடுத்தும் குழாயான நாசிலின் குறுகிய கழுத்துக்குச் சற்று முன்னரே சுவரோரக் காற்றை உறிஞ்சி அகற்றினால், புதிய, மெல்லிய எல்லைப்படலம் தொடங்குகிறது. கழுத்தைத் தாண்டிக் குழிந்து வளையும் சுவரில் சுழல்கள் வளர்வது அதனால் தாமதமாகிறது. நிலைப்பின்மை அற்றுப்போவதில்லை, அதன் வளர்ச்சிதான் தணிகிறது.

முற்றிய புரிச்சுழல்கள் பக்கவாட்டில் அலைந்து, பின் கொந்தளிப்பாக உடைகின்றன. அந்த இடைக்கட்டத்துக்கு 'நெளிவு' என்ற சொல் போதும் என்பது என் எண்ணம். அதில் பிடிவாதம் இல்லை, 'புரிச்சுழல்' குறித்து மட்டும் உங்கள் மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து